படக்கதை போட வந்திருக்கும் பிள்ளைகளுக்கு

மங்கா என்றதும் எல்லோரும் ஒசாமு தெசுகாவின் பெயரைச் சொல்கிறீர்கள். தப்பில்லை. ஆனால் அவர் 18 வயதிலேயே நாடறிந்தவர். அவரைப் பார்த்தால் நம்மைப் போன்றவர்களுக்கு வயிற்றெரிச்சல்தான் மிஞ்சும். நான் ஷிகேரு மிசுகியைப் பாருங்கள் என்பேன். 1922இல் பிறந்து, சகாய்மினாதோ என்ற மீன்பிடித் துறைமுக ஊரில் வளர்ந்து, 2015இல் 93 வயதில் காலமானவர்.

1. வயதை எண்ணாதீர்கள். கோதான்ஷா பதிப்பகத்தின் சிறுவர் மங்கா விருது மிசுகிக்குக் கிடைத்தது 1965இல். அப்போது வயது 43. அதற்கு முன்னால் மீன் விற்றார், கோபே நகரில் ஒரு விடுதியை நடத்தினார். அந்த விடுதியின் பெயர்தான் ‘மிசுகி’. அதுவே புனைபெயராக ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயர் ஷிகேரு முரா.

2. நீங்கள் வேலை பார்க்கும் தொழில் உங்கள் கண் முன்னாலேயே சாகலாம். தயாராக இருங்கள். மிசுகி முதலில் வரைந்தது காமிஷிபாய்க்கு. சைக்கிளில் மரச்சட்டம் கட்டிக்கொண்டு ஒருவர் தெருமுனைக்கு வருவார். மிட்டாய் வாங்கும் பிள்ளைகளுக்கு அட்டைப் படங்களை ஒவ்வொன்றாக உருவிக் கதை சொல்வார். டெலிவிஷன் வந்தது, அந்தத் தொழில் படுத்தது. மிசுகி தோக்கியோவுக்குப் போய், வாடகைப் புத்தகக் கடைகளுக்கு மங்கா போட்டார். கூலி சொற்பம். வீட்டில் வறுமை. 1960களில் அந்தக் கடைகளும் மூடத் தொடங்கின. வாரப் பத்திரிகைகள் பக்கம் வந்தார். விருது வாங்கித் தந்த கதை எது தெரியுமா? டெலிவிஷன் பெட்டிக்குள் நுழைந்து, விளம்பரத்தில் வரும் பொருள்களை வெளியே எடுத்து வரும் ஒரு பையனின் கதை! தன் முதல் பிழைப்பைக் கெடுத்த பெட்டியையே கதையாக்கிவிட்டார், கெட்டிக்காரர்.

ஒன்றைக் கவனியுங்கள். கடை மாறியது, சரக்கு மாறவில்லை. கல்லறையில் பிறந்த ஒற்றைக்கண் பையன் கிதாரோ காமிஷிபாயில் இருந்தான், வாடகைப் புத்தகத்துக்கு வந்தான், வாரப் பத்திரிகைக்கு வந்தான். தலைப்பில் கல்லறை இருந்தால் விளம்பரதாரர் வரமாட்டார் என்றதும் ‘கெகெகே நோ கிதாரோ’ என்று பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு 1968இல் டெலிவிஷனுக்கே போய்விட்டான்.

3. ‘புத்தம் புதிதாக யோசிக்கிறேன்’ என்று மோட்டுவளையைப் பார்த்து உட்கார்ந்திருக்காதீர்கள். கிதாரோவே 1930களில் வேறொருவர் எழுதிய காமிஷிபாய் கதையிலிருந்து வந்தவன். மிசுகிக்குச் சிறுவயதில் பேய்க்கதை சொன்ன கிழவி ஒருத்தி இருந்தாள். நொன்னொன்பா என்று கூப்பிடுவார்கள். பிற்காலத்தில் நாட்டாரியல் அறிஞர் குனியோ யனகிதாவின் தொகுப்புகளை விடாமல் படித்தார். இரவில் நடப்பவரை மறிக்கும் கண்ணுக்குத் தெரியாத சுவர், மண்ணை வாரி இறைக்கும் கிழவி என்று அதில் விவரம் மட்டும் இருக்கும், படம் இருக்காது. உருவம் கொடுத்தவர் மிசுகி. இன்று ஜப்பானியக் குழந்தையிடம் நுரிகாபே என்ற அந்தச் சுவர்ப்பேயை வரையச் சொன்னால், மிசுகி போட்ட கண்ணும் குட்டைக் காலும் உள்ள சுவரைத்தான் வரையும். பழையதை எடுப்பது திருட்டல்ல. எடுத்த பிறகு உழைக்காமல் இருப்பதுதான் திருட்டு.

4. முகத்தை எளிமையாகப் போடுங்கள், பின்னணியில் கஞ்சத்தனம் வேண்டாம். மிசுகியின் ஆட்கள் நாலு கோட்டில் முடிந்துவிடுவார்கள். பின்னால் இருக்கும் காட்டைப் பாருங்கள்: புள்ளி புள்ளியாக வைத்து, ஃபோட்டோ போல இருக்கும். அந்தக் காட்டினால்தான் பேயை நம்புகிறோம்.

5. உதவியாள் வைத்துக்கொள்வது கௌரவக் குறைச்சல் அல்ல. யோஷிஹாரு த்சுகே, ரியோய்ச்சி இகேகாமி இருவரும் மிசுகியிடம் உதவியாளராக இருந்தவர்கள். பின்னால் தாங்களே பெரிய பெயர் எடுத்தார்கள்.

6. கருவி சரியில்லை, மேசை சரியில்லை என்று என்னிடம் வராதீர்கள். மிசுகிக்கு இடது கை கிடையாது. தாள் நழுவினால் பிடித்துக்கொள்ள இன்னொரு கை இல்லாமல் ஆயிரக்கணக்கான பக்கங்கள் போட்டார்.

7. அந்தக் கை எப்படிப் போனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப் போரில் அவரை ரபாவுலுக்கு அனுப்பினார்கள். இன்றைய பப்புவா நியூகினியின் நியூ பிரிட்டன் தீவில் இருக்கிறது அது. அவர் இருந்த காவல் முகாம் தாக்கப்பட்டு மற்றவர்கள் இறந்தார்கள், காவலுக்கு நின்ற இவர் மட்டும் தப்பி வந்தார். வந்தவரிடம் மேலதிகாரி கேட்டது, ஏன் உயிரோடு வந்தாய் என்று. பிறகு மலேரியா. அதில் படுத்திருந்தபோது விமானக் குண்டில் கை போயிற்று. அந்தத் தீவின் தொலாய் மக்கள் இவரைத் தங்களோடு சேர்த்துக்கொண்டார்கள். இங்கேயே இருந்துவிடு என்றார்கள், இவரும் ஏறக்குறைய இருந்துவிட்டிருப்பார்.

இத்தனையையும் உடனே கதையாக்கி விற்கவில்லை. தற்கொலைத் தாக்குதலுக்கு அனுப்பப்பட்ட ஒரு படைப்பிரிவைப் பற்றிய மங்கா 1973இல்தான் வந்தது. 90 சதவீதம் உண்மை என்று அவரே சொன்னார். நிஜத்தில் சிலர் பிழைத்தார்கள். மங்காவில் எல்லோரையும் சாகவிட்டார். வீரம் கிடையாது, சாப்பாடும் வயிற்றுப்போக்கும் அடியும்தான். உங்கள் வாழ்க்கையில் பட்டது எதுவானாலும் ஆறவிட்டு எழுதுங்கள், ஆனால் சர்க்கரை தடவாதீர்கள்.

8. தூங்குங்கள். இதை நான் சொன்னால் சோம்பேறி என்பீர்கள். தெசுகாவும் ஷோதாரோ இஷினோமோரியும் ராத்திரி தூங்காமல் வரைவதைப் பெருமையாகப் பேசிக்கொண்டதையும், தான் மட்டும் நன்றாகத் தூங்கியதையும் மிசுகி ஒரு குட்டி மங்காவாகவே போட்டிருக்கிறார். அவர்கள் இருவரும் 60 வயதில் போனார்கள். தூக்கம்தான் காரணம் என்று நான் மருத்துவம் பேசவில்லை. ஆனாலும் விடியற்காலை 3 மணிக்குப் போட்ட கட்டத்தை மறுநாள் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

9. படிக்க வேண்டிய வரிசை: முதலில் ‘நொன்னொன்பா’. பிரான்ஸின் அங்குலேம் விழாவில் 2007இல் சிறந்த படைப்பு விருது வாங்கியது. அடுத்து போர்க்கதை. கடைசியில் ‘ஷோவா’, 1926 முதல் 1989 வரையிலான ஜப்பானின் வரலாற்றைத் தன் வாழ்க்கையோடு பின்னிச் சொல்வது, ஆங்கிலத்தில் 4 பாகங்கள். முதல் வாசிப்பில் கதையை மட்டும் பாருங்கள். இரண்டாம் வாசிப்பில் கதையை விட்டுவிட்டு மரங்களைப் பாருங்கள். மூன்றாம் தடவை பென்சிலோடு உட்காருங்கள்.