கணினிக்குக் கரிசலைச் சொல்லிக்கொடு

அன்புத் தங்கைக்கு,

கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்து மழைக்கணக்கையும் மண் வரைபடத்தையும் பைத்தானில் அலசத் தொடங்கியிருக்கிறாய். மனதார மகிழ்கிறேன். உனக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: ஓர் எண்ணைத் திருத்துவதற்கு முன், அது எப்படி வந்தது என்று விசாரி.

2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 90 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. அந்தக் கரையோரத்தில் ஓராண்டு முழுக்கப் பெய்யும் சராசரி மழையே அதைவிடக் குறைவு. வழக்கமான பிழைநீக்க நிரல் அந்த எண்ணைத் தவறென்று தூக்கி எறிந்துவிடும். ஆனால் அதே நாளில் திருச்செந்தூரிலும் ஸ்ரீவைகுண்டத்திலும் 60 செ.மீ.யைத் தாண்டியிருக்கிறது. ஆகவே பக்கத்து மழைமானிகளைப் பார்க்காமல் எந்த எண்ணையும் நீக்காதே. நீக்க நேர்ந்தால் காரணத்தை எழுதி வை. மூலக் கோப்பில் கை வைக்காதே.

தேதியும் ஏமாற்றும். வானிலைத் துறை காலை 8.30 மணிக்கு மழையை அளக்கிறது. 18ஆம் தேதிக் கணக்கில் இருப்பதில் பெரும்பங்கு 17ஆம் தேதி பெய்தது. செயற்கைக்கோள் தரவுகள் பெரும்பாலும் கிரீன்விச் நேரப்படி நாளைப் பிரிக்கின்றன. இரண்டையும் தேதியை மட்டும் பார்த்து இணைத்தால் மழை ஒரு நாள் தள்ளிப்போகும். வெற்றுக் கட்டத்தில் பூஜ்யம் போடுவதும் ஆபத்து. அளக்காமல் விட்ட நாள் மழையில்லாத நாளாகிவிடும். வராத வறட்சி உன் வரைபடத்தில் வந்து நிற்கும்.

மண்ணுக்கு வருகிறேன். கரிசலின் களிமண் கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். முதல் மழை அந்த வெடிப்புகள் வழியே விறுவிறுவென்று உள்ளே இறங்கிவிடும். ஊறிய பிறகு களி உப்பி வெடிப்பை அடைத்துக்கொள்ளும்; அதற்குமேல் பெய்வது ஓடையாகிக் கண்மாய்க்குப் போகும். ஓடுநீர்க் கணக்கில் கரிசலை எப்போதுமே நீர் இறங்காத மண் என்று வைத்துவிட்டால், காய்ந்து கிடக்கும் நிலத்தில் விழும் முதல் மழைக்கே கண்மாய்க்குத் தண்ணீர் வருவதாகக் கணினி காட்டும். 'ஸ்வாட்' என்ற நீரியல் மாதிரியில் வெடிப்புவழி ஓட்டத்துக்குத் தனித் தெரிவு உண்டு. நாமாக இயக்காவிட்டால் அது அணைந்தேதான் இருக்கும். கரிசலில் வேலை செய்கிறவள் அதை மறக்கக் கூடாது.

இன்னொன்று. வானிலைத் துறை நிலத்தைக் கட்டங்களாகப் பிரித்துத் தரும் மழைத் தரவில் ஒரு கட்டம் ஏறத்தாழ 27 கி.மீ. அகலம். ஓர் ஊரில் பெய்து அடுத்த ஊரை விட்டுவிடும் மழை அதற்குள் சராசரியாகிக் கரைந்துபோகும். அந்த எண்ணை வைத்து ஒரு மானாவாரிக் காட்டின் ஈரத்தைச் சொல்லத் துணியாதே.

1901 முதல் கோவில்பட்டியில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் மானாவாரிச் சாகுபடியை ஆராய்ந்து வருகிறது. அங்குள்ளவர்களிடம் உன் முடிவைக் காட்டு. பிறகு கண்மாய்ப் பாசன விவசாயிகளிடமும் மானாவாரிக்காரர்களிடமும் காட்டு. எந்த மழைக்கு எந்த ஓடை ஓடியது என்று அவர்கள் சொல்வார்கள். அது உன் கணக்கோடு முரண்பட்டால் திரும்ப உட்கார்ந்து சரிபார். உளுந்து விதைக்க ஈரம் பார்க்கும் ஒருவர் நாளை உன் வரைபடத்தை நம்பலாம். அவருடைய விதைச் செலவை உன் செலவாக நினைத்து வேலை செய்.

அன்புடன்,
உன் அண்ணன்