நசுங்கிய காசின் பூர்வீகம்

கேள்வி: அமெரிக்காவிலிருந்து வந்த சித்தப்பா ஒரு செப்புக் காசு கொடுத்தார். தண்டவாளத்தில் வைத்து நசுக்கியதுபோல நீளமாக இருக்கிறது. மேலே சுதந்திர தேவி சிலை. காசை நசுக்கி நினைவுப் பொருளாக்கும் வழக்கம் எங்கே தொடங்கியது?
– ஒரு வாசகி, கரூர்

பதில்: அமெரிக்காவில் இது பரவத் தொடங்கிய இடம் 1893-ல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சி. கொலம்பஸ் பயணத்தின் 400-வது ஆண்டைக் கொண்டாட நடத்தியது. விவேகானந்தர் உரையாற்றிய சர்வ சமயப் பேரவையும் இதே கண்காட்சியை ஒட்டிக் கூடியதுதான்.

கண்காட்சிக்குப் பணம் திரட்ட, அமெரிக்க அரசு தன் முதல் நினைவு நாணயத்தை வெளியிட்டது. வெள்ளியில் அரை டாலர். ஒரு பக்கம் கொலம்பஸ் முகம், மறுபக்கம் பாய் விரித்த சாண்டா மரியா கப்பல். 50 லட்சம் அச்சிட அனுமதி கிடைத்தது. முதல் நாணயத்தை ரெமிங்டன் தட்டச்சு இயந்திர நிறுவனத்தார் 10,000 டாலர் கொடுத்து வாங்கியது அன்றைக்குப் பெரிய செய்தி.

ஆனால் பொதுமக்களுக்கு அதன் விலை ஒரு டாலர். அரை டாலர் காசை ஒரு டாலர் கொடுத்து யார் வாங்குவார்கள்? கண்காட்சிக்குள் நுழைய 50 சென்ட். அங்கேதான் முதன்முதலில் சுழன்ற ஃபெர்ரிஸ் ராட்டினத்தில் ஏறவும் 50 சென்ட். போதாக்குறைக்கு அந்த ஆண்டு நாட்டில் கடும் பொருளாதார நெருக்கடி. விற்காமல் தேங்கியதில் பெரும்பங்கை உருக்கிவிட்டார்கள். மீதியில் ஏராளமானவை முகமதிப்புக்கே புழக்கத்துக்கு வந்து, மளிகைக் கடையிலும் சந்தையிலும் கைமாறித் தேய்ந்தன. இன்றும் கொலம்பஸின் கன்னமும் தலைமுடியும் மழுங்கிய அரை டாலர்கள் சேகரிப்பாளர்களிடம் எளிதாகக் கிடைக்கின்றன.

அதே கண்காட்சியில், கையில் இருக்கிற சில்லறையையே நினைவுப் பொருளாக்கித் தந்தார்கள். இரண்டு எஃகு உருளைகள். ஒன்றில் கண்காட்சியின் பெயரும் ஆண்டும் இடவலம் மாற்றிச் செதுக்கியிருக்கும். இடையில் ஒரு சென்ட் காசைச் செருகிக் கைப்பிடியைச் சுற்றினால், அழுத்தத்தில் காசு நீண்டு, எழுத்துப் பதிந்து வெளியே வரும். அரசு திட்டமிட்டு வெளியிட்ட நினைவு நாணயத்தைவிட இந்தச் சின்ன வேலைப்பாடு எனக்கு நெருக்கமாகப் படுகிறது. வாங்கியவர் தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த காசல்லவா அது!

1893-ம் ஆண்டுக் காசு என்று யாராவது விற்க வந்தால் மறுபக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பழைய முத்திரை முழுதாக அழிவதில்லை. இழுபட்டு மங்கலாகத் தெரியும். அதில் 1893-க்குப் பிந்தைய ஆண்டு இருந்தால், அந்தக் காசு கண்காட்சியில் நசுக்கியதாக இருக்க முடியாது. நசுக்கிய காசுகளையே வேலையாகத் தேடிச் சேர்ப்பவர்கள் அமெரிக்காவில் 1966-லேயே தனிச் சங்கம் அமைத்துவிட்டார்கள்.

கேள்வி: காசைச் சிதைப்பது குற்றமில்லையா?

பதில்: அமெரிக்கச் சட்டம் மோசடி நோக்கத்தோடு காசைச் சிதைப்பதைத்தான் தண்டிக்கிறது. நினைவுக்காக நசுக்கிய காசை யாரும் செலாவணிக்குக் கொண்டுபோவதில்லை என்பதால் தடையில்லை. இந்தியாவில் கதை வேறு. 2011-ம் ஆண்டு நாணயச் சட்டப்படி காசை உருக்குவதும் அழிப்பதும் சிறைத்தண்டனைக்குரிய குற்றம். பிள்ளைகள் தண்டவாளத்துப் பக்கம் போகாமலிருக்க உயிர்பயம் ஒன்றே போதும்; சட்டமும் சேர்ந்துகொள்கிறது.

உங்கள் காசில் சாம்பல் நிறக் கீற்றுகள் இருக்கின்றனவா? 1982-ல் சென்ட்டின் உலோகத்தை மாற்றினார்கள். உள்ளே துத்தநாகம், மேலே மெல்லிய செப்புப் பூச்சு. உருளையில் நசுங்கும்போது பூச்சு கிழிந்து துத்தநாகம் எட்டிப்பார்க்கும். அதற்கு முந்தைய காசுகளில் 95 சதவீதம் செம்பு என்பதால் சித்திரம் பளிச்சென்று விழும். 2025-ல் புழக்கத்துக்கான சென்ட் அச்சடிப்பதையே அமெரிக்கா நிறுத்திவிட்டது. ஆனாலும் பழைய காசுகள் கோடிக்கணக்கில் மக்கள் கையில் இருக்கின்றன. சித்தப்பா அடுத்த முறை காசு நசுக்கும் இயந்திரத்துக்குப் போகும்போது, 1981 அல்லது அதற்கு முந்தைய சென்ட் ஒன்றைத் தேடி எடுத்துப்போகச் சொல்லுங்கள்.