ஒரே மரத்தில் ஒரு வில்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவர்)

வில் என்றதும் நம் நினைவுக்கு வருபவர்கள் இராமனும் அருச்சுனனும்தான். வில்லை ஏந்தியவர்களைப் பாடுகிறோம். அதைச் செதுக்கிய கைகளைப் பற்றி நினைப்பதே இல்லை. நான் தச்சர் வீட்டுப் பிள்ளை. ஆதலால் அந்தக் கைகளைப் பற்றியே எழுத விழைகிறேன்.

கொம்பு, நரம்பு, பசை எதுவும் சேர்க்காமல் ஒரே மரத்துண்டில் செய்வதைத் தனிமர வில் எனலாம். டென்மார்க் நாட்டின் ஹோல்மகார்ட் சதுப்பு நிலத்தில் 1944-இல் கிடைத்த எல்ம் மர வில் ஏறத்தாழ 9,000 ஆண்டுப் பழமையுடையது. 1545-இல் இங்கிலாந்துக் கரையருகே மூழ்கிய ‘மேரி ரோஸ்’ போர்க்கப்பலிலிருந்து 170-க்கும் மேற்பட்ட யூ மர வில்கள் எடுக்கப்பட்டன. பெரும்பாலானவை ஏறக்குறைய 2 மீட்டர் நீளமுள்ளவை.

யூ மரத்தை ஏன் தேர்ந்தனர்? வில் வளையும்போது எதிரியை நோக்கிய முதுகுப்புறம் இழுபடுகிறது. எய்பவனை நோக்கிய வயிற்றுப்புறம் அமுங்குகிறது. யூ மரத்தின் வெளிப்புற வெண்பகுதி இழுவிசையை நன்கு தாங்கும். உள்ளிருக்கும் வைரப்பகுதி அமுக்கத்தைத் தாங்கும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று அமையுமாறு மரத்தைப் பிளந்தெடுத்தார்கள். இயற்கையே ஒட்டிக் கொடுத்த இரட்டைப் பலகை அன்றோ இது!

பிளந்த மரத்தை நிழலில் மெல்லக் காயவிட வேண்டும். ஈரமரத்தில் செய்த வில், நாணைக் கழற்றினாலும் கூனியே நிற்கும். முதுகுப்புறத்தில் ஒரே ஆண்டு வளையம் முனையிலிருந்து முனைவரை அறுபடாமல் இருக்க வேண்டும். அறுபட்ட இடத்தில் நார் கிளம்பி வில் முறியும். (நம் ஊர் மரங்கள் பலவற்றில் வளையம் தெளிவாகத் தெரியாது, நாரோட்டத்தைத்தான் பார்க்க வேண்டும்.) ஆகவே, தடிமனைக் குறைப்பதெல்லாம் வயிற்றுப்புறத்தில்தான்.

உண்மையான வேலை இதன் பின்னரே தொடங்குகிறது. வில்லின் நடுப்பகுதியை ஒரு கட்டையில் பொருத்தி, நாணைச் சிறிது சிறிதாக இழுத்துப் பார்ப்பார்கள். விறைப்பாக நிற்கும் இடத்தைச் சுரண்டுவார்கள். அதிகம் வளையும் இடத்தைத் தொடவே மாட்டார்கள். மறுபடி இழுப்பது, மறுபடி சுரண்டுவது. இருபுறமும் ஒத்து வளையும்வரை இதுவேதான்.

இங்கே பொறுமை ஏன் வேண்டும் என்பதை எங்கள் ஆய்வகத்தில் கற்றேன். மீட்டர் அளவுகோலில் எடைகளைத் தொங்கவிட்டு யங் குணகம் காணும் சோதனை அது. சட்டத்தின் விறைப்பு அகலத்தோடு நேர்விகிதத்தில் மாறும். தடிமனோடோ அதன் மும்மடிக்கு நேர்விகிதத்தில் மாறும். 20 மில்லிமீட்டர் தடிமனுள்ள இடத்தில் 2 மில்லிமீட்டர் சீவினால், அங்கே விறைப்பு 27 விழுக்காடு குறைந்துவிடும்!

சூத்திரம் தெரிந்த துணிவில், விடுமுறையில் ஒரு கருவேலங் கம்பை எடுத்துச் செதுக்கினேன். கைப்பிடிக்குச் சற்று மேலே இழைப்புளியை இரண்டு முறை கூடுதலாக ஓட்டிவிட்டேன். நாணை இழுத்ததும் அந்த ஓரிடம் மட்டும் முழங்கை போல மடங்கி, ‘டப்’பென்று முறிந்தது.

அப்பா துண்டுகளை எடுத்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். நான் மும்மடி விதியை விளக்கினேன். பள்ளிக்கூடம் போகாத அவர், “அதான்டா, நாலுக்கு ரெண்டு சட்டத்தைப் படுக்கப் போட்டா தொய்யும், நிக்க வச்சா தாங்கும்னு சொல்றது” என்றார். அன்றிரவு கணக்கிட்டுப் பார்த்தேன். நிறுத்தி வைத்த சட்டத்தின் விறைப்பு சரியாக 4 மடங்கு.

வேறொரு கம்பு இப்போது எங்கள் கொட்டகைப் பரணில் காய்கிறது. தை பிறக்கும்வரை அதைத் தொடக்கூடாது என்பது அப்பாவின் உத்தரவு.