நேரடி விற்பனைக்கு வாட்ஸ்அப் பிசினஸ்: மாறிய திரையைப் பழகும் முறை

காலையில் பறித்த கீரை மாலைக்குள் விலை போக வேண்டும். வெண்டைக்காயை ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறித்தாக வேண்டும். தவறினால் நார் பாய்ந்துவிடும். 1999ஆம் ஆண்டு நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. இடைத்தரகர் இல்லாமல் நுகர்வோருக்கு நேரே விற்கும் பழக்கம் அதன் பின்னர் சிறு விவசாயிகளிடையே பரவியது. இப்போது அந்த விற்பனையில் ஒரு பகுதி செல்பேசி வழியாகவும் நடைபெறுகிறது. அதற்குப் பலரும் பயன்படுத்துவது 2018 ஜனவரியில் வெளிவந்த வாட்ஸ்அப் பிசினஸ் என்னும் இலவசச் செயலி.

யாருக்கு எந்தக் காய் வேண்டுமோ அவருக்கு அந்தச் செய்தியை மட்டும் அனுப்ப முடிவதே இச்செயலியின் முக்கியப் பயன். ஒரு ஏக்கரில் கீரை, வெண்டை, கத்தரி மூன்றும் போட்டிருக்கும் விவசாயிக்கு எண்பது வாடிக்கையாளர்கள் இருப்பதாகக் கொள்வோம். உணவு விடுதிக்காரருக்கு ஒரே அளவுள்ள கத்தரி ஐந்து கிலோ வேண்டும். எண்ணெய்க் கத்தரிக்குப் பிஞ்சாகக் கேட்பவர்கள் வேறு. வாரத்துக்கு இரண்டு கட்டுக் கீரை போதும் என்பவர்கள் வேறு. எல்லாருக்கும் எல்லாச் செய்தியையும் அனுப்பினால் இரண்டு வாரத்தில் படிப்பதை நிறுத்திவிடுவார்கள். சிலர் எண்ணையே தடை செய்வார்கள். பலர் தடை செய்தாலோ புகார் கொடுத்தாலோ நிறுவனம் அந்த எண்ணை முடக்கிவிடவும் கூடும்.

ஆகவேதான் கீரைக்கு ஒன்று, கத்தரிக்கு ஒன்று என்று தனித்தனி பிராட்காஸ்ட் பட்டியல் வைத்துக்கொள்வது நல்லது. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். செய்தி ஒவ்வொருவருக்கும் தனியாகவே போகும். பதிலும் விவசாயிக்கு மட்டுமே வரும். பாக்கி வைத்தவர், பணம் கட்டியவர், புதிதாகக் கேட்டவர் என்று லேபிள் ஒட்டி வைக்கவும் வழி உண்டு. இவ்வளவும் கைப்பழக்கமாகிவிட்ட பிறகு ஒரு நாள் திரையே மாறிப்போனால் தடுமாற்றம் ஏற்படுவது இயல்பு.

எவை மாறின?

ஆண்ட்ராய்டு செல்பேசிகளில் முன்பு சாட்ஸ், ஸ்டேட்டஸ், கால்ஸ் என்ற பட்டை திரையின் மேலே இருந்தது. 2024 மார்ச் முதல் அது கீழே இறங்கியது. ஸ்டேட்டஸ் என்ற பெயர் 2023இலேயே அப்டேட்ஸ் என்று ஆகிவிட்டது. மேல் வலது மூலையில் உள்ள மூன்று புள்ளிகளுக்குள் ஒளிந்திருந்த பிசினஸ் டூல்ஸ், கீழ்ப்பட்டையில் டூல்ஸ் என்று தனி இடம் பெற்றது. 2024 ஏப்ரலில் சாட்ஸ் பக்கத்தின் மேல்புறம் எல்லாம், படிக்காதவை, குழுக்கள் என்று பிரித்துக் காட்டும் பொத்தான்கள் வந்தன. அதே ஆண்டு ஜூனில் மெட்டா ஏ.ஐ. என்ற வண்ண வளையமும் இந்தியாவில் சேர்ந்துகொண்டது.

இவற்றில் எதுவும் விவசாயிகளைக் கேட்டுச் செய்யப்பட்டதன்று. டூல்ஸ் கீழே வந்ததை மட்டும் நல்ல மாற்றம் எனலாம். ஒரு கையில் கூடையும் மறு கையில் செல்பேசியுமாக வரப்பில் நிற்பவருக்குக் கட்டை விரல் எட்டும் இடம் அதுதான்.

புதிய வசதிகளை நிறுவனம் எல்லாருக்கும் ஒரே நாளில் கொடுப்பதில்லை. சிறிது சிறிதாகத் திறந்துவிடுகிறது. ஆகவே பக்கத்துத் தோட்டக்காரர் செல்பேசியில் இருப்பது தன்னுடையதில் இல்லையே என்று கவலைப்பட வேண்டியதில்லை. பழுது எதுவும் இல்லை.

நட்டம் எங்கே ஏற்படுகிறது?

திரை மாறிய நாட்களில் பெரிய நட்டத்தை உண்டாக்குவது புதிய பொத்தான்கள் அல்ல. பதற்றத்தில் செய்யும் ஒரு காரியம். படிக்காதவை என்ற பொத்தானில் விரல் தெரியாமல் பட்டுவிட்டால் படித்து முடித்த உரையாடல்கள் எல்லாம் திரையிலிருந்து மறைந்துவிடும். எண்பது பேரில் மூன்று பேர் மட்டும் தெரிவார்கள். வாடிக்கையாளர்கள் அனைவரும் அழிந்துவிட்டார்கள் என்று எண்ணி, செயலியை நீக்கிவிட்டு மறுபடியும் ஏற்றச் சொல்லி யாராவது யோசனை கூறுவார்கள். காப்பு நகல் எடுக்காமல் அப்படி நீக்கினால், அதுவரை அழியாமல் இருந்தவை அப்போதுதான் உண்மையாக அழியும். யார் என்ன கேட்டார், எவ்வளவு பாக்கி என்ற பேச்சு எல்லாம் போய்விடும். எல்லாம் என்ற பொத்தானை ஒரு முறை தொட்டிருந்தால் எண்பது பேரும் திரும்பி வந்திருப்பார்கள். எனவே எந்தக் காரணத்தைக் கொண்டும் அவசரப்பட்டுச் செயலியை நீக்கக் கூடாது.

இன்னொரு தவறு ஸ்டேட்டஸில் நேர்வது. காமிராப் படத்தைத் தொட்டுக் காயைப் படம் எடுத்ததும், யாருக்கு அனுப்புவது என்று கேட்கும் பட்டியலில் ஸ்டேட்டஸ் முன்னால் நிற்கும். அதைத் தொட்டுவிட்டால் படம் ஸ்டேட்டஸுக்குப் போய்விடும். தேடிப் பார்ப்பவர் கண்ணில்தான் அது படும். 24 மணி நேரத்தில் மறைந்தும் விடும். கத்தரி வாங்குபவர்களுக்குச் செய்தி போய்விட்டது என்று நம்பி விவசாயி காத்திருப்பார். அவர்களுக்கோ ஒன்றும் வந்திருக்காது. முதலில் பிராட்காஸ்ட் பட்டியலைத் திறந்துகொண்டு, அதற்குள்ளே இருக்கும் காமிராவால் படம் எடுத்தால் இந்தத் தவறு நேராது.

மெட்டா ஏ.ஐ. வளையத்தைத் தொட்டு, இன்று வெண்டை 20 கிலோ இருக்கிறது என்று எழுதி அனுப்பினால், வெண்டையைப் பற்றி அது நீளமாகப் பதில் எழுதும். ஒரு கிலோ கூட விற்றுத் தராது. டூல்ஸ் பக்கத்தில் பணம் கட்டி விளம்பரம் செய்யும் வசதியும் உண்டு. அது தேவையில்லாதவர்கள், பணம் செலுத்தும் விவரம் கேட்கும் பக்கம் வந்தவுடன் பின்னால் திரும்பிவிடலாம்.

முன்னேற்பாடு

முதல் வேலையாக ஒரு நோட்டுப் புத்தகம் போட வேண்டும். பெயர், செல்பேசி எண், எந்தக் காய், எவ்வளவு, எந்தக் கிழமை, பாக்கி எவ்வளவு என்று ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு வரி போதும். செல்பேசி தொலைந்தாலும் கிணற்றில் விழுந்தாலும் வியாபாரம் நின்றுவிடாது. இதற்கு அரை நாள் ஆகும். இதைச் செய்யாமல் மேலே உள்ளவற்றைப் பழகுவதில் பயனில்லை.

அடுத்தது காப்பு நகல். செட்டிங்ஸில் சாட்ஸ் என்பதைத் திறந்தால் சாட் பேக்கப் என்று இருக்கும். கடைசியாக என்று நகல் எடுக்கப்பட்டது என்பதை அங்கே பார்க்கலாம். ஆண்ட்ராய்டு செல்பேசிகளில் இந்த நகல் கூகுள் கணக்கில் சேர்கிறது. அங்கே இலவச இடம் 15 ஜிபி மட்டுமே. கூகுளில் ஏற்றும் படங்களும் மின்னஞ்சலும் அதே இடத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். இடம் நிரம்பினால் புதிய நகல் ஏறாது. மாதம் ஒரு முறை தேதியைப் பார்த்து, தேவையற்ற வீடியோக்களை நீக்கிவிடுவது நன்று.

பழகும் முறை

புதிய திரையைப் பறிப்பு இல்லாத நாளில் பழக வேண்டும். வெண்டை போட்டவர்களுக்கு இடைப்பட்ட நாள் ஏற்றது. கூடை நிறையக் காயை வைத்துக்கொண்டு பொத்தான் தேடக் கூடாது.

பொத்தான் எந்த மூலையில் இருக்கிறது என்று நினைவில் வைப்பதைவிட, செய்ய வேண்டிய வேலையை எழுதி வைப்பது மேல். மூலை நாளை மாறும், வேலை மாறாது. கீரைப் பட்டியலுக்குச் செய்தி அனுப்புதல், பாக்கிக்காரருக்கு லேபிள் ஒட்டுதல், கேட்டலாகில் விலையைத் திருத்துதல், வழக்கமான பதிலைச் சுருக்கமாக அனுப்புதல் ஆகிய நான்கையும் நோட்டில் எழுதி, ஒவ்வொன்றையும் புதிய திரையில் ஒரு முறை செய்து பார்த்து, வழியைப் பக்கத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். கேட்டலாக் என்பது படமும் விலையும் சேர்ந்த பொருள் பட்டியல். 2019 நவம்பரில் வந்த வசதி இது. இதுவும் வழக்கமான பதில்களை எழுதி வைக்கும் குவிக் ரிப்ளைஸும் டூல்ஸுக்குள் இருக்கும். எழுதி வைத்த பதிலை உரையாடலில் சாய்கோடு போட்டு அழைத்துக்கொள்ளலாம். பிராட்காஸ்ட் வசதியைப் பெரும்பாலான ஆண்ட்ராய்டு செல்பேசிகளில் மூன்று புள்ளிகளுக்குள் தேட வேண்டும்.

பெயர் மாறினாலும் வேலையைக் கொண்டே அடையாளம் காண வேண்டும். உரையாடல்களைத் தொகுத்து வைக்கும் லிஸ்ட் என்ற வசதி 2024 அக்டோபரில் வந்தது. பெயர் ஒத்திருந்தாலும் இது பிராட்காஸ்ட் பட்டியல் அன்று. பார்ப்பதற்குப் பிரித்துத் தரும், செய்தி அனுப்பாது.

அனுப்பிப் பார்க்கும்போது எண்பது பேருக்கும் அனுப்ப வேண்டாம். வீட்டில் இருக்கும் மற்றொரு எண், அண்டை வீட்டார் எண், நெருங்கிய வாடிக்கையாளர் எண் என்று மூன்றை மட்டும் சேர்த்துச் சோதனைப் பட்டியல் ஒன்று வைத்துக்கொள்ளலாம். விதையின் முளைப்புத் திறனைப் பார்த்த பின் வயலில் விதைப்பது போன்றதே இதுவும்.

உண்மையான பட்டியலுக்கு அனுப்பிய பிறகு, அந்தச் செய்தியை அழுத்திப் பிடித்து, தகவல் என்ற குறியைத் தொட்டால் யார் யாருக்குச் சேர்ந்தது என்று தெரியும். இதைப் பலரும் பார்ப்பதில்லை. விவசாயியின் எண்ணைத் தம் செல்பேசியில் பதிந்து வைத்தவர்களுக்கு மட்டுமே பிராட்காஸ்ட் செய்தி போய்ச் சேரும். நாற்பது பேர் பட்டியலில் இருபது பேருக்குத்தான் சேர்ந்திருந்தால் பழியைப் புதிய திரை மேல் போடுவதில் அர்த்தமில்லை. சிலர் செல்பேசியை அணைத்து வைத்திருக்கலாம். மற்றவர்கள் எண்ணைப் பதியாதவர்கள். காய் கொடுக்கும்போது, எண்ணைப் பதிந்துகொள்ளுங்கள் என்று நேரில் சொல்ல வேண்டும்.

வீட்டில் படிக்கும் மகனோ மகளோ இருந்தால் உதவி கேட்கலாம். ஆனால் செல்பேசி விவசாயியின் கையிலேயே இருக்க வேண்டும். பிள்ளை வாயால் சொல்ல, பெற்றவர் விரலால் தொட்டால்தான் பழக்கம் வரும். பிள்ளை வெளியூரில் இருந்தால் லிங்க்டு டிவைசஸ் வழியாக நான்கு கருவிகள் வரை இணைக்கலாம். அவர் அங்கிருந்தே கேட்டலாகைத் திருத்தித் தருவார்.

தானாகப் புதுப்பித்தலைப் பிளே ஸ்டோரில் இந்தச் செயலிக்கு மட்டும் நிறுத்தி வைக்கவும் முடியும். பறிப்பு மும்முரமான மாதத்தில் அது உதவலாம். நெடுநாள் நிறுத்துவது சரியன்று. பாதுகாப்புத் திருத்தங்கள் வராமல் போகும். மிகப் பழைய பதிப்பு ஒரு கட்டத்தில் வேலை செய்யாது.

போலிப் புதுப்பிப்பு

திரை மாற்றம் பற்றிய பேச்சு அடிபடும்போது மோசடிக்காரர்களும் வருவார்கள். 2021 ஏப்ரலில், வாட்ஸ்அப்பை இளஞ்சிவப்பு நிறத்துக்கு மாற்றித் தருவதாக ஓர் இணைப்பு பரவியது. தொட்டவர்களின் செல்பேசியில் தீய நிரல் ஏறியது. 2023 ஜூனில் அதே மோசடி குறித்து மும்பை போலீசார் எச்சரிக்கை விடுத்தனர். புதிய திரை வேண்டும் என்றோ பழைய திரை திரும்ப வேண்டும் என்றோ யாரும் அனுப்பும் இணைப்பைத் தொடக் கூடாது. ஆண்ட்ராய்டில் புதுப்பிப்பைப் பிளே ஸ்டோரிலிருந்து மட்டுமே பெற வேண்டும். செல்பேசிக்கு வரும் ஆறு இலக்கச் சரிபார்ப்பு எண்ணைத் தெரிந்தவர் கேட்டாலும் சொல்லக் கூடாது. அக்கவுண்ட் பகுதியில் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனைத் திறந்து ஆறு இலக்கப் பின் எண் ஒன்றை அமைத்துக்கொள்ள வேண்டும். அந்த எண்ணை மட்டும் வாடிக்கையாளர் நோட்டில் எழுதாமல், நிலப் பத்திரம் வைத்திருக்கும் இடத்தில் தனியாக எழுதி வைக்கலாம்.