துப்புரவு ஒப்பந்தம்: ஒரு ஆளுக்கு எவ்வளவு கேட்பது?

கடை, இறக்குமதி, ஹார்ட்வெயார் என்று இருந்த நம்மவர்கள் பலர் அண்மைக் காலமாகத் துப்புரவுச் சேவைத் தொழிலைப் பற்றி என்னிடம் விசாரிக்கிறார்கள். கடை வாடகை இல்லை, சாமான் தேங்கிக் கிடக்காது, மாதாமாதம் வருமானம் வரும் என்பதே அவர்களைக் கவர்ந்திருக்கிறது. தெஹிவளையை மையமாக வைத்து இத்தொழிலைச் செய்து வருபவன் என்ற வகையில் அவர்கள் சொல்வது பொய்யென்று நான் கூறமாட்டேன். ஆனால் அவர்கள் கேட்கும் கேள்விகள்தான் எனக்குக் கவலையளிக்கின்றன. முதற் கேள்வி, என்ன மெசின் வாங்குவது? இரண்டாவது, எந்த மருந்து நல்லது? ஒரு தொழிலாளிக்கு வாடிக்கையாளரிடம் மாதம் எவ்வளவு கேட்க வேண்டும் என்று விசாரிப்பவர் அரிது. இத்துறையில் நான் கண்டவரை, நொடித்துப்போனவர்களில் அநேகர் நொடித்தது அந்தக் கணக்கில்தான். ஆகவே இவ்வாரம் அதையே எடுத்துக்கொள்வோம்.

கணக்கு

கடைக்காரர் ஒருவருக்குக் கொள்விலை என்னவென்று தெரியும். அதன் மேல் பத்தோ பதினைந்தோ வைத்து விற்பார். துப்புரவுத் தொழிலில் நமது சரக்கு தொழிலாளியின் நேரம். அதன் கொள்விலை சம்பளம் மாத்திரம் என்று எண்ணுவதிலிருந்தே தவறு தொடங்குகிறது.

ஒரு உதாரணத்தைப் பார்ப்போம். காரியாலயம் ஒன்று பகல் வேலைக்கு நான்கு பேர் கேட்கிறது. ஒருவருக்கு 35,000 ரூபா சம்பளம் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். (2025ஆம் ஆண்டின் திருத்தத்தின்படி தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும், 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபாவாகவும் ஆக்கப்பட்டது. அதற்குக் கீழே கணக்குப் போடவே கூடாது. துப்புரவுச் சேவைக்கெனத் தனியான சம்பளச் சபையும் உண்டு. அதன் தீர்மானங்களைத் தொழில் திணைக்களத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.) ஊழியர் சேமலாப நிதியத்துக்கு நாம் செலுத்த வேண்டிய 12 சதவீதம் 4,200 ரூபா. ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 சதவீதம், 1,050 ரூபா. இப்போதே 40,250 ஆகிவிட்டது.

பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலைக்கு இருந்தால், ஐந்து வருடம் பூர்த்தி செய்து விலகுபவருக்கு, சேவை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் பணிக்கொடையாகக் கொடுக்க வேண்டும். இது 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். இன்று நான்கு பேர்தானே என்று விட்டுவிடாதீர்கள். தொழில் வளர்ந்தால் பதினைந்து விரைவில் வந்துவிடும். அதற்காக மாதம் 1,458 ரூபா ஒதுக்க வேண்டும். லீவு, சுகவீனம் என்று மாதத்தில் இரண்டு நாள் மாற்று ஆள் அனுப்ப நேர்ந்தால் ஏறத்தாழ 2,700. சீருடை, சப்பாத்து, கையுறைக்கு 1,000. மருந்து, மொப், துணி, குப்பைப் பைகளுக்கு 3,500. மேற்பார்வையாளர் ஒருவர் 60,000 ரூபா சம்பளத்தில் பதினைந்து பேரைப் பார்க்கிறார் என்றால், அவருடைய நிதியக் கொடுப்பனவுகளும் சேர்ந்து ஒரு ஆளுக்கு விழும் பங்கு 4,600. மெசின் தேய்மானம் 1,500. கணக்காளர், தொலைபேசி, போக்குவரத்து என்று 2,500. கூட்டிப் பாருங்கள்: 57,508 ரூபா. இதில் நமது இலாபம் இன்னும் ஒரு சதம்கூடச் சேரவில்லை. பத்து சதவீதம் வைத்தால் 63,000 ரூபாவைத் தாண்டுகிறது.

மருந்துக்கும் மெசினுக்கும் நான் போட்டிருக்கும் தொகைகள் இடத்துக்கு இடம் மாறும். உங்கள் தொகையை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் எந்த வரியையும் வெட்டிவிடாதீர்கள்.

இப்போது போட்டிக்காரர் ஒருவர் 48,000க்குக் கூறுவிலை கொடுக்கிறார். அவருடைய மனக்கணக்கு இப்படி: சம்பளம் 35,000, மிச்சம் 13,000, நான்கு பேருக்கு 52,000, மருந்து செலவு போனாலும் நல்ல இலாபம். மெய்யான கணக்கில் அவர் ஒவ்வொரு ஆளிலும் மாதம் 9,508 ரூபா இழக்கிறார். நான்கு பேருக்கு 38,032. இந்த நட்டம் அவருக்கு முதல் மாதம் தெரியாது, ஆறாம் மாதமும் தெரியாது. ஏனென்றால் அவர் சேமலாப நிதியத்தைக் கட்டவில்லை, பணிக்கொடைக்கு ஒதுக்கவில்லை, ஆள் வராத நாளில் மாற்று ஆள் அனுப்பவில்லை. அதாவது தன் தொழிலாளியிடமும் வாடிக்கையாளரிடமும் சொல்லாமல் கடன் வாங்கித் தொழில் நடத்துகிறார்.

இந்தக் கடன் திரும்பி வரும் விதம் பொல்லாதது. நிதியப் பணத்தை அடுத்த மாத முடிவுக்குள் செலுத்தாவிட்டால் தாமதத்துக்கேற்ப 5 சதவீதத்திலிருந்து 50 சதவீதம் வரை மிகைக்கட்டணம் விழும். விலகிப்போன ஒரு தொழிலாளி தொழில் திணைக்களத்தில் ஒரு முறைப்பாட்டுக் கடிதம் கொடுத்தால் போதும், பழைய வருடங்களின் பதிவேடுகளெல்லாம் மேசைக்கு வந்துவிடும். அதைவிட முக்கியமான ஒன்றும் இருக்கிறது. தொழிலாளியின் சம்பளத்திலிருந்து 8 சதவீதத்தைக் கழித்துக்கொண்டு அதைக் கட்டாமல் வைத்திருப்பது அவர் முதுமைக்குச் சேர்த்த பணத்தை நாம் எடுத்துச் செலவழிப்பதாகும். ஐம்பது வயதுப் பெண்கள் பலர் மொப்புடன் நிற்கும் தொழில் இது. இதை வியாபாரத் தந்திரம் என்று என்னிடம் நியாயப்படுத்தியவர்களுடன் நான் தர்க்கிப்பதை விட்டுவிட்டேன்.

இடத்தைப் பார்க்காமல் விலை சொல்லாதீர்கள்

தொலைபேசியில் சதுர அடியைக் கேட்டுவிட்டு விலை சொல்பவர்கள் உண்டு. ஐயாயிரம் சதுர அடிக் களஞ்சியசாலையும் ஐயாயிரம் சதுர அடி மருத்துவ நிலையமும் ஒரே வேலையல்ல. மலசலகூடங்கள் எத்தனை, படிகள் எத்தனை, கண்ணாடி எவ்வளவு, தண்ணீர்க் குழாய் எந்த மாடியில் இருக்கிறது, குப்பையை எங்கே கொண்டுபோய் வைப்பது, வேலை செய்யக் கிடைக்கும் நேரம் எது என்பதையெல்லாம் நடந்து பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு மாடிக்கு ஒரு ஆளை ஒரு நாள் வைத்து மணிக்கூட்டைப் பார்த்தால், நான்கு பேர் கேட்ட இடத்துக்கு மூன்று பேரும் ஒரு நல்ல மெசினும் போதும் என்று தெரியவரலாம். அப்போது வாடிக்கையாளருக்கும் குறைவு, நமக்கும் மீதம். மெசின் வாங்குவதைப் பற்றி யோசிக்க வேண்டிய இடமும் இதுதான். ஆள் நேரத்தைக் குறைக்காத மெசின் வெறும் அலங்காரம்.

தரை என்ன தரை என்பதைக் கட்டாயம் பாருங்கள். மார்பிளிலும் டெரசோவிலும் அமிலம் கலந்த மருந்து பட்டால் அந்த இடம் அரித்து மங்கிவிடும். அதை மீண்டும் தேய்த்துப் பளபளப்பாக்குவது பெருஞ் செலவு. நான் பொறுப்பேற்ற ஒரு கட்டடத்தில் முன்பிருந்த நிறுவனம் மலசலகூட மருந்தையே டெரசோப் படிகளுக்கும் ஊற்றியிருந்தது. வேலை தொடங்குமுன்பே ஒவ்வொரு படியையும் படம் பிடித்து வாடிக்கையாளரின் கையொப்பத்தையும் பெற்றுக்கொண்டேன். இல்லாவிட்டால் அந்தச் சேதம் என் கணக்கில் விழுந்திருக்கும்.

மருந்து விடயத்தில் இரண்டு எச்சரிக்கைகளை மட்டும் சொல்கிறேன். குளோரின் பிளீச்சையும் அமில மலசலகூட மருந்தையும் ஒருபோதும் ஒன்றாகப் பாவிக்கக் கூடாது. கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவு மூடிய சிறிய மலசலகூடத்தில் இது உயிராபத்து. அடுத்தது, கிருமிநாசினியைத் தெளித்த உடனே துடைத்தால் பயனில்லை. போத்தலில் எழுதியுள்ள நிமிடங்களுக்கு மேற்பரப்பு ஈரமாக இருக்க வேண்டும். துணிகளை நிறத்தால் பிரித்துவிடுவது மலிவான நல்ல ஏற்பாடு: மலசலகூடத்துக்குச் சிவப்பு, சமையலறைக்குப் பச்சை, பொதுவான இடங்களுக்கு நீலம். வாசிக்கத் தெரியாதவருக்கும் நிறம் தெரியும்.

கையிலிருக்க வேண்டிய பணம்

விலையைச் சரியாகப் போட்டவரையும் வீழ்த்துவது காசோலை வரும் திகதி. ஜனவரி முதலாம் திகதி இருபது பேருடன் வேலை தொடங்குகிறீர்கள். மாத முடிவில் பில் போடுகிறீர்கள். வாடிக்கையாளர் அறுபது நாள் கடன் கேட்டிருந்தால் முதற் காசோலை ஏப்ரலில்தான். அதற்கிடையில் பெப்ரவரியிலும் மார்ச்சிலும் சம்பளம் கொடுத்தாக வேண்டும். மேலே சொன்ன கணக்கின்படி சம்பளமும் நிதியங்களும் மாத்திரம் மாதம் 805,000 ரூபா. இரண்டு மாதத்துக்கு 16 இலட்சத்துக்கு மேல். மருந்தும் மெசினும் இதற்குப் புறம்பு. வங்கியின் மேலதிகப் பற்றில் இந்த இடைவெளியை நிரப்பினால் வைத்த பத்து சதவீதத்தில் ஒரு பகுதி வட்டிக்கே போய்விடும். வட்டியை விரும்பாத நமது வியாபாரிகள், கையிலுள்ள பணம் எத்தனை ஆட்களின் மூன்று மாதச் சம்பளத்தைத் தாங்குமோ அத்தனை ஆட்களுக்குள் ஒப்பந்தம் எடுப்பதே பாதுகாப்பானது. முப்பது நாள் கடனுக்குச் சம்மதிப்பவருக்கு விலையில் சிறிது விட்டுக்கொடுக்கலாம். அறுபது நாள் கேட்பவருக்கு விடக் கூடாது.

அரச கேள்விமனுக்களைப் பற்றிக் கேட்பார்கள். பெரும்பாலும் குறைந்த விலைக்கே போகும், பணமும் பிந்தி வரும். முதற் சில வருடங்களில் நான் அப்பக்கம் போகவில்லை.

ஆட்கள்

சம்பளத் திகதி பிந்தாத இடத்தில் ஆள் நிற்பார். இதற்கு மேல் பெரிய இரகசியம் எனக்குத் தெரியாது. சாப்பிடவும் உடை மாற்றவும் ஒரு மூலை ஒதுக்கித் தரும்படி ஒப்பந்தத்திலேயே கேட்டு எழுதுங்கள். தொழிலாளர்கள் மாடிப்படிக்குக் கீழே இருந்து சாப்பிடும் இடங்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன். அங்கே மாதத்துக்கு ஒரு புதுமுகம் வரும். வாடிக்கையாளரும் எப்போதும் முறையிட்டுக்கொண்டிருப்பார். இரவு வேலைக்குப் பெண்களை வைத்தால் வீட்டுக்குப் போகும் வாகனத்தைக் கூறுவிலையில் சேர்த்துவிடுங்கள்.

ஏதாவது காணாமற் போனால் முதலில் விரல் நீட்டப்படுவது துப்புரவுத் தொழிலாளியை நோக்கித்தான். ஆகவே திறப்புகளுக்குக் கையொப்பப் புத்தகம், கண்டெடுத்த பொருட்களுக்கு இன்னொரு புத்தகம் வைத்துக்கொள்வது அவர்களுக்கே பாதுகாப்பு.

மேற்பார்வையாளர் குறித்த நேரத்தில் மட்டும் போனால் குறித்த நேரத்தில் மட்டுமே இடம் சுத்தமாயிருக்கும். நேரம் மாற்றிப் போகச் சொல்லுங்கள். மாதமொருமுறை முதலாளியாகிய நீங்களும் போய், பில்லில் கையொப்பமிடுபவரிடம் மாத்திரமல்லாது அங்கே தேநீர் ஊற்றுபவரிடமும் கேளுங்கள். மலசலகூடத்தின் உண்மை நிலை அவருக்குத்தான் தெரியும்.

பெருக்குவது எப்படி

புதிய ஊருக்குப் போவதைவிட அதே வீதியில் இரண்டாவது கட்டடத்தைப் பிடிப்பது இலாபம். ஒரே மேற்பார்வையாளர், ஒரே மெசின், ஆள் வராத நாளில் பக்கத்திலிருந்து ஒருவரை அனுப்பலாம். தெஹிவளையில் இருந்துகொண்டு கண்டியில் மூன்று பேர் வேலையை எடுத்தால் அந்த இலாபம் வேனின் டீசலுக்கே போதாது.

மாத ஒப்பந்தத்தில் இலாபம் ஒடுக்கமானது. அதே வாடிக்கையாளரிடம் கிடைக்கும் இடையிடை வேலைகளில்தான் கொஞ்சம் மூச்சு விடலாம்: தரை பொலிஷ், கம்பளம், சோபா, தண்ணீர்த் தாங்கி, உயரக் கண்ணாடி. பள்ளிவாசல் கம்பளங்கள் நோன்புக்கு முன்னர் ஒன்றாக வரும். அங்கே கழுவுவதைவிட உலர்த்துவதே வேலை. இஷாவுக்குப் பின் தொடங்கி சுபஹுக்குள் உலராவிட்டால் அடுத்த வருடம் கூப்பிடமாட்டார்கள். பீலிகளையும் மேற்தளங்களையும் நுளம்புக்காகப் பார்த்து அறிக்கை கொடுப்பதும் நல்ல சேவை. 2017இல் நாட்டில் 186,000க்கு மேற்பட்டோருக்கு டெங்கு கண்டது. நுளம்பு பெருக இடமளிக்கும் வளவுக்காரர் மீது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடரலாம். ஆகவே அந்த அறிக்கைக்குப் பணம் கொடுக்கக் காரியாலயங்கள் தயங்குவதில்லை.

ஒரு வாடிக்கையாளரே உங்கள் வருமானத்தில் மூன்றில் ஒன்றைத் தாண்ட விடாதீர்கள். தாண்டினால் அடுத்த வருட விலையை அவர்தான் தீர்மானிப்பார். வருமானம் பெறுமதி சேர் வரிப் பதிவு எல்லையை நெருங்கும்போது கணக்காளரிடம் முன்கூட்டியே பேசுங்கள். 2024 ஜனவரியில் 18 சதவீதமாக்கப்பட்ட அந்த வரியை ஒப்பந்தத்தில் தனியாகக் காட்டாதவர் தன் இலாபத்திலிருந்தே கட்ட நேரிடும்.

ஒப்பந்தம் எழுதும்போது, சட்டப்படி குறைந்தபட்சச் சம்பளம் கூடினால் அந்த அளவுக்கு மாதக் கட்டணமும் அதே திகதியிலிருந்து கூடும் என்ற வாசகத்தைச் சேர்த்துவிடுங்கள். 2022இல் 200 ரூபாவளவில் இருந்த டொலர் 360ஐத் தாண்டியபோது, இரண்டு வருட நிலையான விலைக்குக் கையொப்பமிட்டிருந்தவர்கள் மருந்து வாங்கவே திண்டாடினார்கள். எனவே இறக்குமதிப் பொருட்களின் விலைக்கும் ஆறு மாதத்துக்கொருமுறை மீளாய்வு கேளுங்கள். வாடிக்கையாளர் மறுத்தால், மருந்தையும் குப்பைப் பைகளையும் அவரே வாங்கித் தரும்படியும் நாம் ஆட்களையும் மேற்பார்வையையும் மாத்திரம் தருவதாகவும் சொல்லிப் பாருங்கள். எனது வாடிக்கையாளர்களில் இருவர் அதற்குச் சம்மதித்து இன்றும் அப்படியே நடத்துகிறார்கள்.