வாகன வண்ணப்பூச்சு: பட்டறைச் சொற்கள் அறிவோம்

உப்புக்காற்றும் மழையும் மிகுந்த திருவனந்தபுரத்தில், வாகனத்தின் மேல் விழும் சிறு கீறலும் புறக்கணிக்கத் தக்கதன்று. கீறல் உலோகத்தைத் தொட்டுவிட்டால் அங்கே துரு தோன்றிப் பூச்சின் அடியிலேயே பரவும். காரின் பூச்சுகள் யாவும் சேர்ந்தாலும் அவற்றின் தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். அம்மெல்லிய போர்வையைச் செப்பனிடுவோர் வழங்கும் சொற்களை இப்பாடத்தில் காண்போம்.

நசுங்கிய தகட்டைத் தட்டி நிமிர்த்துவது 'டிங்கரிங்'. அதன் பின்னும் எஞ்சும் பள்ளத்தை நிரப்பும் பசை 'பட்டி'. துருவை முற்றிலும் நீக்காமல் பட்டி வைத்தால், மேற்பூச்சு எத்துணை அழகாயினும் நாளடைவில் கொப்புளித்து உரியும். காய்ந்த பட்டியை உப்புத்தாளால் தேய்த்துச் சமன்செய்வர். உப்புத்தாளின் எண் புதியவரை மயங்கச் செய்யும். எண் கூடக் கூடச் சொரசொரப்புக் குறையும். 80ஆம் எண் தாள் பட்டியை அராவும். 2000ஆம் எண் தாளோ மெருகிடுவதற்கு முன் மென்மையாகத் தேய்க்க உதவும்.

உலோகத்தைப் பற்றிக்கொண்டு, மேல்வரும் நிறத்துக்கும் பிடிப்புத் தருவது 'பிரைமர்'. நிறம் தருவது 'பேஸ் கோட்'. அதன்மேல் கண்ணாடிபோல் அமைவது 'கிளியர் கோட்'. கீறலை நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் சிக்காவிடில் பழுது பெரும்பாலும் கிளியர் கோட்டோடு நின்றிருக்கும். அதற்கு 'பாலிஷ்' போதும். இதனை அறிந்தவர் கதவு முழுவதற்கும் வண்ணம் பூசி வீண்செலவு செய்யார்.

வெண்ணிறக் கார்களின் வெண்மைக்கு டைட்டானியம் டை ஆக்சைடு என்னும் நிறமியே காரணம். அதற்கு மூலமான இல்மனைட்டு, கொல்லம் மாவட்டத்துச் சவறாவிலும் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் கடற்கரை மணலில் கிடைக்கிறது. நம் நகரின் கொச்சுவேளியில், 1946இல் நிறுவப்பெற்ற திருவிதாங்கூர் டைட்டானியம் ஆலை இந்நிறமியின் அனடேஸ் வகையை உருவாக்கிவந்துள்ளது. ஆனால் அவ்வகை கலந்த பூச்சு வெயிலில் விரைவில் மாவுபோல் உதிரும். ஆதலால் வாகனங்களுக்கு ரூட்டைல் வகையையே நாடுவர். அது சவறா ஆலையில் உருவாகிறது.

'ஹார்ட்னர்' என்பது பூச்சை இறுகச் செய்யும் கலவை. கிளியர் கோட்டில் கலக்கும் ஹார்ட்னரில் பெரும்பாலும் ஐசோசயனேட்டு இருக்கும். தெளிக்கும்போது எழும் அதன் நுண்திவலைகள் ஆஸ்துமாவை உண்டாக்கவல்லன. முகத்தில் கைக்குட்டை கட்டுவது காப்பாகாது. தூயகாற்றைக் குழாய்வழி அளிக்கும் முகக்கவசமே வேண்டும். பட்டறைகள் பலவற்றில் கைக்குட்டையே காணப்படுவது வருந்தத்தக்கது.

பயிற்சி

1. துருவின்மேல் பட்டி வைத்தால் விளைவது யாது?
2. 'பட்டி' என்னும் சொல்லுக்குள்ள வேறு பொருள்களை அகராதியில் கண்டு எழுதுக.
3. 'ஹார்ட்னர்', 'பிரைமர்' ஆகியவற்றுக்கு ஏற்ற தமிழ்ச்சொற்களை ஆக்கி, அவற்றை வாக்கியங்களில் அமைத்துக் காட்டுக.