மாத்தளையிலிருந்து தம்புள்ளையை வழிச்செலுத்தலாமா?

பின்னிய இரு துணிக்கைகளில் ஒன்றை நாம் அளக்கும் விதத்துக்கேற்ப, தொலைவிலுள்ள மற்றதன் நிலையும் அமைகிறது என்கிறது குவாண்டம் பௌதிகவியல். 1935இல் சுரோடிங்கர் இதனை 'வழிச்செலுத்தல்' என்றார். ஐன்ஸ்டைனுக்கோ இது ஏற்கத்தக்கதாக இருக்கவில்லை. அப்படியானால் இதை எவ்வாறு சோதிப்பது?

2007இல் வைஸ்மன், ஜோன்ஸ், டொஹேர்ட்டி ஆகிய மூவரும் இதற்குத் தெளிவான வரையறை தந்தனர். அதை நம் ஊருக்குக் கொண்டுவருவோம். மாத்தளையிலுள்ள ஆயிஷா, தம்புள்ளையிலுள்ள சுமையாவுக்குப் போட்டன்களை ஒவ்வொன்றாக அனுப்புகிறாள். "இவற்றின் ஜோடிகள் என்னிடம் உள்ளன. நீ எத்திசையில் முனைவாக்கத்தை அளந்தாலும் விடையைச் சொல்வேன்" என்கிறாள். சுமையா தன் கருவியை மட்டுமே நம்புகிறாள்; ஆயிஷாவை நம்பவில்லை. ஆகவே போட்டன் கைக்கு வந்த பின்னரே, 0°, 90° என்ற நேர்க் கேள்வியா, 45°, 135° என்ற சாய்வுக் கேள்வியா என்பதை எழுந்தமானமாகத் தெரிவுசெய்து அறிவிக்கிறாள்.

ஆயிஷாவிடம் ஜோடியே இல்லையென்று வைப்போம். அவள் 22.5° இல் முனைவாக்கிய போட்டனை அனுப்பிவிட்டு, நேர்க் கேள்விக்கு 0° என்றும் சாய்வுக் கேள்விக்கு 45° என்றும் கூறலாம். கோசைன் 22.5° இன் வர்க்கம் ஏறத்தாழ 0.854. எனவே நூற்றுக்கு 85 விடைகள் சரியாகும். எந்தத் தந்திரத்தாலும் சராசரியாக இதற்கு மேல் செல்ல முடியாது. உண்மையான பின்னல் இருந்தால் நூற்றுக்கு நூறை நெருங்கலாம்.

பிரிஸ்பேன் நகரின் கிரிபித் பல்கலைக்கழகக் குழு 2010இல் இத்தகைய எல்லையைத் தாண்டிக் காட்டியது. ஆனாலும் ஓர் ஓட்டை இருந்தது. சாதகமற்ற கேள்வி வரும்போதெல்லாம் "என் போட்டன் தொலைந்துவிட்டது" என்று ஆயிஷா நழுவலாமே! 2012இல் வியன்னாவிலும் அவுஸ்திரேலியாவிலும் நடந்த பரிசோதனைகள் அந்த இழப்புகளையும் கணக்கில் சேர்த்து, ஓட்டையை அடைத்தன. கிரிபித் குழு 1 கிலோமீற்றர் ஒளியிழையூடாகவே இதனைச் சாதித்தது.

இதனால் ஒளியை விட வேகமாகச் செய்தி அனுப்ப முடியுமா? முடியாது. சுமையா தனித்துப் பார்த்தால் விடைகள் பாதிக்குப் பாதியாகவே இருக்கும். ஆயிஷாவின் விடைகளுடன் ஒப்பிட்டால்தான் தொடர்பு தெரியும்.

பயன் பாதுகாப்பில் உள்ளது. அகமதாபாத்தில் இந்திய விஞ்ஞானிகள் 2022இல் பின்னிய போட்டன்களைக் கொண்டு 300 மீற்றர் இடைவெளியில் இரகசியச் சாவியைப் பரிமாறினர். ஒரு முனையின் கருவியை நம்ப முடியாதபோதும் இரகசியம் காக்க வழிச்செலுத்தல் சோதனை உதவும்.

கணிதப் பிரிவுத் தோழியருக்கு ஒரு பயிற்சி: வட்ட முனைவாக்கத்தை மூன்றாவது கேள்வியாகச் சேர்த்தால், 85 என்ற எல்லை ஏறத்தாழ 79 ஆகக் குறைகிறது. ஏன்?